கொம்பையா கடையின் முன்னால் நின்ற முதுகுகள்

ஆவரங்கோட்டை நகராட்சி மண்டபத்தின் வடக்குச் சுவரில் இருந்த பொம்மைக் கடை ஓவியத்துக்குள் முதல் ஆள் வந்து நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தோளில் ஈரிழைத் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி, முதுகு நம்மைப் பார்க்க, முகம் கடையைப் பார்க்க நின்றார். முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தைப் பூட்டும்போது அவர் அங்கே இல்லை. காலையில் திறந்தபோது இருந்தார். பெருக்க வந்தவள் பார்த்தாள், வாட்ச்மேனைக் கூப்பிட்டாள், வாட்ச்மேன் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரோ பொம்மை வாங்க வந்திருக்காரு போல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஊர் அந்த அதிசயத்தை ஏற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம் அவ்வளவுதான். எந்த அதிசயத்தையும் விழுங்கிவிடக்கூடிய ஊர் அது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அதன் தொண்டையில் நின்றது வேறொன்று. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நகராட்சிக்கு நூறு வயது ஆனதைக் கொண்டாட, ஊரின் பழைய நினைவு ஒன்றைச் சுவர் நிறைய வரைந்து வைக்கலாம் என்று முடிவு செய்தவர் சேர்மன் சௌந்தரவேல். கும்பகோணத்தில் ஓவியம் படித்த தயாளன் என்ற இளைஞனை வரவழைத்தார்கள். அவன் ஊருக்குள் நடந்து வயதானவர்களிடம், உங்களுக்கு இந்த ஊரில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டான். தெப்பக்குளம் என்று சொல்வார்கள், தேர் என்று சொல்வார்கள் என்று நினைத்தவனுக்கு, கேட்ட அத்தனை பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: தேரடியில் இருந்த பொம்மைக் கடை. சொல்லும்போது அவர்கள் கிழட்டு முகங்கள் சின்னப் பிள்ளைகளின் முகங்களாக மாறின. தலையாட்டி பொம்மை, தகரத் தவளை, திரி ஏற்றினால் தண்ணீரில் படபடவென்று ஓடும் தகரப் படகு, ஓலைக் கிலுகிலுப்பை, கண்ணை மூடித் திறக்கும் செல்லுலாய்டு பாப்பா, சாவி கொடுத்தால் மத்தளம் தட்டும் குரங்கு என்று ஒவ்வொன்றும் எந்தத் தட்டில் இருந்தது, என்ன நிறம், தொட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். "கல்லாவுல உட்கார்ந்திருந்தவர் எப்படி இருப்பார்?" என்று தயாளன் கேட்டபோது மட்டும் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருவர், யாரோ ஒருத்தர் என்றார். இன்னொருவர், நல்ல மனுசன்தான் என்றார். மூன்றாமவர், "அதெல்லாம் எதுக்கு தம்பி, நீங்க பொம்மைய வரையுங்க" என்றார். ஆகவே அவன் கடையை வரைந்தான், பொம்மைகளை வரைந்தான், கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலியை வரைந்தான், முக்காலியை வெறுமையாக விட்டான்.

கல்லூரியில் தமிழ் நடத்தும் சிதம்பரேசன் அந்த ஓவியத்துக்கு ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தார். தலையாட்டி பொம்மை எவ்வளவு தள்ளினாலும் நிமிர்ந்துவிடும் நம் மண்ணின் பொறுமைக்குக் குறியீடு. தகரப் படகு காலம். வெறும் முக்காலி, உரிமையாளர் என்று ஒருவர் இல்லாத, எல்லோருக்கும் பொதுவான பால்யம். திறப்பு விழாவில் அவர் இதை வாசித்தபோது கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது.

கைதட்டாமல் நின்றவள் ஒருத்தி. பந்தோபஸ்துக்காகக் கயிறு கட்டி அதன் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஏட்டு மாரிக்கனி. வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. புருஷன் ஊர் பரமக்குடி பக்கம், ஆகவே அவளையும் பரமக்குடிக்காரி என்றே ஸ்டேஷனில் நினைத்திருந்தார்கள். அவளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருந்தாள். எல்லோருக்கும் பொதுவான பால்யம் என்று அந்த மனிதர் சொன்னபோது அவள் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், "என்னக்கா, உக்காருறீங்களா?" என்று கேட்டான். அவள் உட்காரவில்லை. அவள் பிடித்தது மயக்கத்தில் இல்லை.

அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் கொம்பையா. மாரிக்கனியின் அப்பா.

கொம்பையா கீழத்தெருக்காரர். கீழத்தெருவில் பிறந்த யாரும் தேரடியில் கடை போட்டதில்லை. போடக் கூடாது என்று எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, எழுதி வைக்கத் தேவையும் இருந்ததில்லை. வெளியூர்த் திருவிழாக்களில் தலையில் கூடை சுமந்து பொம்மை விற்ற கொம்பையா, மதுரையோடு போய்விட்ட ஒருவருடைய ஓலைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, பலகை அடித்து, பச்சை பெயின்ட் பூசி, ஒரு தை மாதத்தில் கடை திறந்தார். மின் இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்தார், வரவில்லை. பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டார். பெரியவர்கள் முறைத்துக்கொண்டு போனார்கள், பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, அதில் தவளையை வைத்து, அந்தக் கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டு சாவி கொடுப்பார் கொம்பையா. வீட்டுக்குப் போனதும் அம்மாக்கள் பிள்ளைகளைக் கிணற்றடியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவார்கள். மறுநாள் காய்ந்த தலையோடு பிள்ளைகள் மறுபடி வந்து நிற்பார்கள்.

இப்படியே போயிருக்கும். தேரோட்டத்தன்று ரைஸ்மில்காரரின் மகன், ஐந்தோ ஆறோ வயசு, அப்பாவின் கையை உதறிவிட்டு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே கடையைப் பார்த்து ஓடினான். "மாமா! என் குரங்கு மத்தளம் தட்ட மாட்டேங்குது மாமா!" என்று கத்தினான்.

கொம்பையா குரங்கை வாங்கி முதுகுச் சாவியைத் திருகிக் கொடுத்தார். குரங்கு தட்டியது. பையன் குதித்தான். தேர் பார்க்க வந்து நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். மாமா என்றால் அம்மாவுடன் பிறந்தவன் என்று அர்த்தம், ரைஸ்மில்காரர் சம்சாரத்துக்கு அண்ணன் ஒருத்தன் கீழத்தெருவில் இருக்கிறானா என்று ஒரு குரல் கேட்டது. சிரிப்பு பெரிதானது. ரைஸ்மில்காரர் சிரிக்கவில்லை.

தேர் நிலைக்கு வருவதற்குள், பட்டப்பகலில், அவர்கள் வந்தார்கள். செல்லுலாய்டு பாப்பாக்கள்தான் முதலில் தீப்பிடித்தன. அவை வெறுமனே எரிவதில்லை, சீறும். கடைக்குள் பலகைக்கு அடியில் பொம்மைப் பெட்டிகளின்மேல் எட்டு வயது மாரிக்கனி தூங்கிக்கொண்டிருந்தாள். கொம்பையா தெருவில் நின்று கையைக் கூப்பிக்கொண்டு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி, "ஐயா, உள்ள புள்ள இருக்கு ஐயா, புள்ள இருக்கு" என்று ஒவ்வொரு ஆளாகக் கேட்டார். யாரும் கையை அசைக்கவில்லை. பின்பக்கத்துச் சாக்கடைச் சந்து வழியாகத் தாய் வெள்ளத்தாய் ஓலையைப் பிய்த்து, எரிகிற பலகையை வெறுங்கையால் தூக்கி மகளை இழுத்து எடுத்தாள். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவளால் எந்தக் கையையும் முழுதாக மடக்க முடியவில்லை. மகள்தான் சோறு ஊட்டினாள். மின்கசிவு என்று போலீசில் எழுதினார்கள். மின்சாரமே இல்லாத கடையில் மின்கசிவு. அனுமதி இல்லாமல் பட்டாசு வைத்திருந்ததாகச் சொல்லி கொம்பையாவையே பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வந்த அன்றே குடும்பம் ஊரை விட்டுப் போனது.

விழா முடிந்ததும் மாரிக்கனி திருப்பூருக்குப் போன் போட்டாள். கொம்பையா அங்கே தன் தம்பி வீட்டில் இருந்தார்.

"அப்பா, நம்ம கடைய வரைஞ்சிருக்காங்க."

"யாரு?"

"முனிசிபாலிட்டி."

பின்னால் பனியன் கம்பெனி மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"குரங்கு இருக்கா? மத்தளக் குரங்கு?"

"இருக்குப்பா. மேல் தட்டுல."

"மேல வைக்க மாட்டனே. புள்ளைக கைக்கு எட்டுற மாதிரில்லா வைப்பேன். சரி, என்னைய எப்படி வரைஞ்சிருக்கான்?"

"உங்கள வரையலப்பா. முக்காலி மட்டும் இருக்கு. சும்மா."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது, முதல் முதுகும் வந்தது. தயாளனை வரவழைத்து விசாரித்தார்கள். அவன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் வரையல சார். எனக்கு முதுகு இவ்வளவு நல்லா வராது" என்றான். புதன்கிழமை இரண்டு முதுகுகள் வந்தன. வெள்ளிக்கிழமை ஐந்து. வேடிக்கை பார்க்க வந்த மிட்டாய்க்கடை வேலாயுதம், முதல் முதுகின் பிடரியில் இருந்த கட்டித் தழும்பைப் பார்த்ததும் ஓவென்று அழுது, "எங்கய்யா! எங்கய்யா வந்துட்டாரு!" என்று கீழே விழுந்து கும்பிட்டார். செத்துப் பதினைந்து வருஷமான மனிதர் சுவரில் வந்து நிற்கிறார் என்றால் சும்மா விட முடியுமா, வீட்டிலிருந்து மாலை வந்தது, அவருக்குப் பிடித்த அதிரசம் வந்தது, பேரப்பிள்ளைகள் வந்து தாத்தாவின் முதுகோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் ஊர் முழுவதும் முதுகு பார்க்கத் தொடங்கியது. முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எளிது; முதுகை வைத்துக் கண்டுபிடிக்க அந்த முதுகோடு வாழ்ந்திருக்க வேண்டும். பெண்டாட்டிமார் கண்டுபிடித்தார்கள், எண்ணெய் தேய்த்துவிட்ட மருமகள்கள் கண்டுபிடித்தார்கள், வயதான சலூன்காரர் ஒருவர் பிடரியைப் பார்த்தே நாற்பது பேரைச் சொன்னார். உயிரோடு இருக்கிற கிழவர்களும் தங்கள் இளமைக்கால முதுகைப் பார்க்கக் கைத்தாங்கலாக வந்தார்கள், முடி இருந்த தலையைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுத்தவர்கள் ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்து எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்தால், "பையனோட தாத்தா படத்துல முன்வரிசை" என்று தரகர்கள் சொன்னார்கள். முன்வரிசைக் குடும்பத்துக்கு நகை கூடுதலாகப் போட்டார்கள். முதுகு வராத வீடுகளில் சண்டை நடந்தது. ஒருவர் தயாளனைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் பெரியப்பாவை ஒரு ஓரமாகச் சேர்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். அவன் தீட்டிய வண்ணம் சுவரில் ஒட்டாமல் வழிந்து ஓடியது. சிதம்பரேசன் தன் விளக்கத்தில் ஒரு பக்கம் கூட்டினார்: திரளும் முதுகுகள், பால்யத்தை நோக்கிய ஒரு சமூகத்தின் தீராத தாகம்.

கூட்டம் பெருத்ததால் மாரிக்கனிக்குத் தினமும் அங்கேதான் டூட்டி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வரிசையாப் போங்க, தள்ளாதீங்க, அம்மா புள்ளையப் பிடிங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மாலைகள் அவளைக் கடந்து போயின, அதிரசங்கள் கடந்து போயின, கற்பூரம் கடந்து போனது. அவளுக்கு அந்த முதுகுகளைத் தெரியாது. அவள் அன்று உள்ளே இருந்தாள். ஆனால் முதுகுகள் வந்து நிற்கிற இடத்தை, அவை கடையிலிருந்து விட்டிருக்கிற தூரத்தை, நடுவே ஒரு ஆள் ஓடி ஓடிக் கும்பிடுகிற அளவுக்கு வெறுமையாக விட்டிருக்கிற அந்தத் தரையை அப்பா சொல்லிச் சொல்லி அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடித்துக் கடித்துக் கடைவாயில் வலி எடுத்தது.

ஆடி மாதம் பிறந்தபோது முதுகுகள் கையைத் தூக்கத் தொடங்கின. முதலில் விரல் தெரிந்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு கையில் பிடித்திருந்த பொருள். கம்பு இருந்தது. கல் இருந்தது. சுருட்டி முறுக்கிய சாக்கு இருந்தது. முன்வரிசையில் நின்ற பலருடைய கைகளில் கைப்பிடி வைத்த தகர டின்கள் இருந்தன. கடையின் ஓலைக் கூரையில், குங்குமம் வைத்த மாதிரி, சின்னதாக ஒரு சிவப்பு தெரிந்தது.

மாலைகள் நின்றன. முன்வரிசைக் குடும்பங்கள் முதலில் வராமல் போனார்கள், மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பினார்கள். சேர்மன் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். காலையில் சுண்ணாம்பு அப்பளமாக நொறுங்கித் தரையில் கிடந்தது, முதுகுகள் குளித்துவிட்டு வந்த மாதிரி பளிச்சென்று நின்றன. திரை போட்டார்கள், மத்தியானத்துக்குள் முதுகுகள் திரைக்கு முன்னால் வந்து நின்றன. சுவரை இடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், இடித்தால் ஏன் இடித்தீர்கள் என்று வெளியூரில் கேட்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார்.

அப்போதுதான் நகராட்சிக் கூட்டத்தில் யாரோ ஒருவர், யார் என்று பிற்பாடு யாருக்கும் ஞாபகம் இல்லை, "அந்த டின்னுல இருக்கது தண்ணியா இருக்கலாம்ல?" என்று கேட்டார்.

மண்டபம் அப்படியே மூச்சு விட்டது. தண்ணீர்தான். வேறு என்ன? கூரையில் தீப்பிடிக்கிறது, ஜனங்கள் டின்னோடு நிற்கிறார்கள், அணைக்க வந்தவர்கள் அவர்கள். கம்பு, எரிகிற ஓலையை இழுத்துத் தள்ள. சாக்கு, நனைத்துப் போட. கல்லுக்கு மட்டும் விளக்கம் கிடைக்கவில்லை. அது கல் இல்லை, தேங்காய் என்று சிதம்பரேசன் சொன்னார், தேர் நாள் அல்லவா. ஒரு வாரத்துக்குள் ஊருக்கே ஞாபகம் வந்துவிட்டது. எந்தக் கிணற்றில் இறைத்தோம் என்று சொன்னார்கள். வாளி அறுந்து விழுந்ததைச் சொன்னார்கள். அந்தத் தேருக்குப் பிறகு பிறந்தவர்கள்கூட, தண்ணீர் சுமந்து தோள் வீங்கிய கதையைச் சொன்னார்கள். மாலைகள் திரும்பி வந்தன. "தீக்கிரையான பொம்மைக் கடையைக் காக்கத் திரண்ட ஆவரங்கோட்டை மக்கள்" என்று கருங்கல்லில் வெட்டி, ஆடி அமாவாசையன்று திறப்பது என்று முடிவானது.

மிட்டாய்க்கடை வேலாயுதம் கயிற்றருகில் நின்று மாரிக்கனியிடம் பெருமையாகச் சொன்னார்: "எங்கய்யா எப்படி ஓடிருக்காரு பாத்தீங்களா ஏட்டம்மா? யாரோ எவரோ கடை. ஆனா நம்ம ஜனத்துக்கு மனசு கேக்காது பாருங்க."

அவள் வெளியே போய்ப் போன் போட்டாள்.

"தண்ணியா?" என்றார் கொம்பையா. "தண்ணின்னா சொல்லுதானுவ?" அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க வெகு நேரமானது. "ஏட்டி, தண்ணி பட்டா உங்கம்மா கை வெந்துச்சு?"

அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கொதிக்கத் தொடங்கியது, அது இறங்கவே இல்லை.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் கடைசி முதுகு வந்தது. கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்து நிழலில், காக்கி. கைகள் இரண்டும் பின்னால் கோத்திருந்தன, கம்பு கக்கத்தில் இருந்தது. வேடிக்கை பார்க்கிற நிற்பு. எஸ்.ஐ. தாவீது அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்: "பாத்தியாம்மா, நம்ம ஆளும் இருக்காரு. பாதுகாப்புக் குடுத்திருக்காரு. கல்லுல நம்ம டிபார்ட்மென்டையும் ஒரு வரி சேக்கச் சொல்லணும்."

மாரிக்கனி காக்கி முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தன்னைப் பார்த்தாள். கயிற்றுக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வாரமும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். அந்த மனிதர் அன்று நின்ற மாதிரியே. கையை விலக்கினாள். விலக்கிய கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தெரிந்துவிட்டது.

அமாவாசைக் கூட்டம் மண்டப வாசலைத் தாண்டித் தெப்பக்குளம் வரைக்கும் நின்றது. எள், தர்ப்பை, வாழைப்பழம், மாலை. உள்ளே போக ஒரே வழி, வழியில் ஒரே கயிறு. மாரிக்கனி கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்காமல் கயிற்றுக்குப் பின்னால், வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவர், சுவரில் கடை.

"உங்க வீட்டு முதுகு எது?" என்று முதலில் நின்ற பெண்ணைக் கேட்டாள்.

அது சொர்ணம் என்ற விதவை. "அந்தா, மூணாவது. எங்க மாமனாரு."

"கையில என்ன வச்சிருக்காரு?"

சொர்ணம் அவளைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பின்னால் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லிட்டுப் போங்க. சொன்னாத்தான் கயித்தத் தூக்குவேன்."

"இது என்ன புது ரூலு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "யாரு போட்டது?"

"நான் போட்டது," என்றாள் மாரிக்கனி. "நான் கொம்பையா மக. அந்தக் கடை எங்கப்பா கடை. நீங்க தண்ணி ஊத்தி அணைச்சீங்கன்னு சொல்லுதீங்களே, அந்தத் தீக்குள்ள நான் இருந்தேன்."

மண்டபத்தில் கற்பூரம் எரிகிற சத்தம் கேட்டது. வெகு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த ஊரில் உரக்கச் சொல்லப்பட்டது. முதுகு வந்ததற்கு அதிர்ச்சி அடையாதவர்கள், சுண்ணாம்பு உதிர்ந்ததற்கு அதிர்ச்சி அடையாதவர்கள், ஒரு பெயரைக் கேட்டுப் பின்வாங்கினார்கள்.

சொர்ணம் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியும்த்தா. அவரே சொல்லிருக்காரு. குடிச்சாச் சொல்லுவாரு, சொல்லிட்டு அழுவாரு. அது சீமெண்ணெ."

மாரிக்கனி கயிற்றைத் தூக்கினாள். சொர்ணம் உள்ளே போகவில்லை. எள்ளையும் தண்ணீரையும் அங்கேயே கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.

வரிசை கலைந்தது. பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். மிட்டாய்க்கடை வேலாயுதம், "எங்கய்யா தண்ணிதான்! தண்ணிதான்!" என்று கத்தினார். "அப்ப நெருப்பு ஏன் அணையல?" என்று மாரிக்கனி கேட்டாள். "இத்தன டின் தண்ணி, இத்தன ஆம்பள, ஒரு ஓலைக் கொட்டாய் அணையலியா? வேலாயுதண்ணே, உங்கய்யா பேரச் சொல்லி எங்கப்பா கும்பிட்டாரு. உள்ள புள்ள இருக்குன்னு கும்பிட்டாரு." அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

எஸ்.ஐ. ஓடி வந்தார். "என்னம்மா பண்ற? உனக்கு ஆயுதப்படைக்கு மாத்தல் வரும், தெரியும்ல?"

"வரட்டும் சார். ஆர்டர் வர்ற வரைக்கும் இந்தக் கயிறு என் டூட்டி."

அந்தச் சமயத்தில் சேர்மன் சௌந்தரவேல் வந்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கல்வெட்டைத் திறந்து வைக்க வந்தவர். நடந்ததை வாசலிலேயே யாரோ சொல்லியிருக்க வேண்டும். கூட வந்தவர்களை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கயிற்றருகில் வந்தார். மாரிக்கனியை நேராகப் பார்க்க முடியாமல் அவள் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"ஏட்டம்மா, நான் சொல்றதக் கேளுங்க. அந்தக் கடைய எனக்குப் பிடிச்ச மாதிரி இந்த ஊர்ல யாருக்கும் பிடிச்சிருக்காது. அதனாலதான் வரையச் சொன்னேன். இன்னிக்கும் எனக்குக் கனவுல அந்தக் குரங்கு வரும். உங்கப்பா எனக்குச் சாவி கொடுத்துக் காட்டுவாரு. அவரு கை எப்படி இருக்கும்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

"முகம் ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப ஏன் வரையச் சொல்லல?"

அவர் கண் கலங்கியிருந்தது, அது நிஜமான கலக்கம்தான், அதைப் பார்த்ததும் மாரிக்கனிக்கு இன்னும் கோபம் வந்தது. இத்தனை பிரியம் வைத்திருந்தவன். இத்தனை வருஷம் அந்தப் பிரியத்தை அதிரசம் மாதிரித் தனியாக வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தவன். இவன் ஒரு நாள் வாயைத் திறந்திருந்தால், ஒரே ஒரு நாள், அம்மா சாவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் திருப்பூருக்கு வந்து அந்தக் கைகளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால்.

"உங்க வீட்டு முதுகு எது?" என்று கேட்டாள்.

"ஏட்டம்மா, நான் அப்ப சின்னப் பையன்."

"நானும் சின்னப் புள்ளதான். எது?"

அவர் கையைத் தூக்கினார். முன்வரிசையின் நடுவில், பட்டு வேட்டி கட்டிய அகலமான முதுகு.

"எங்கப்பா. ரைஸ்மில்காரரு."

"கையில?"

சேர்மன் திரும்பிப் பார்த்தார். கலைந்து போனவர்கள் போக மீதி இருந்த ஊர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிதம்பரேசன் கையில் சுருட்டிய காகிதத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. மண்டபத்தின் ஓரத்தில் பட்டுத்துணி போர்த்திய கருங்கல் தயாராக நின்றது.

"சீமெண்ணெ," என்றார், உதட்டுக்கு வெளியே வராத குரலில்.

"சத்தமாச் சொல்லுங்க சார். பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல."

"சீமெண்ணெ!" என்று கத்தினார் சௌந்தரவேல். அது சுவரில் மோதி, கூரையில் மோதி, வாசல் வழியாக வரிசையின் கடைசி வரைக்கும் போனது. "சீமெண்ணெதான்! எங்கப்பாதான் ஊத்தினாரு! நான் அவரு தோள்ல உக்காந்திருந்தேன்!"

மாரிக்கனி கயிற்றைத் தூக்கினாள். "போங்க."

அவர் குனிந்து உள்ளே போனார். கல்வெட்டின் பக்கம் போகவில்லை. ஓவியத்தின் முன்னால் போய் நின்று, முக்காலி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மாரிக்கனி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சொல் வந்துவிட்டது, வந்த பிறகாவது நெஞ்சு ஆறும் என்று எங்கோ ஒரு ஓரத்தில் எதிர்பார்த்திருந்தாள். ஆறவில்லை. உள்ளே கொதிப்பது கொதித்துக்கொண்டேதான் இருந்தது, சரி, இருக்கட்டும் என்று நினைத்தாள். கயிற்றை இறக்கிக் கொக்கியில் மாட்டினாள். வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்தாள்.

"நீங்க?"